எல்லோரும் கப்பலில் வந்த நாடு

மொரீஷியஸ் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவை இரண்டு. தேனிலவு விளம்பரங்களில் பார்த்த நீலப்பச்சைக் கடல், அப்புறம் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் படம். இரண்டும் உண்மைதான். வேலை நிமித்தமாக அங்கே சில வருடம் குடும்பத்தோடு இருந்ததால், ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் இந்த இரண்டைத்தான் கேட்பார்கள். அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கோ சொல்ல வேண்டியது அதுதான் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தத் தீவில் பூர்வகுடி என்று ஒருவர்கூடக் கிடையாது. இன்று அங்கே இருக்கிற அத்தனை பேருடைய முன்னோரும் கப்பலில் வந்து இறங்கியவர்கள், பாதிப்பேர் இழுத்துவரப்பட்டவர்கள். 'இது எங்கள் மண், நீ பிறகு வந்தவன்' என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு நாடு எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கே அங்கே போகலாம்.

சின்ன நாடு. முக்கியத் தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கிழக்கே 560 கிலோமீட்டர் தள்ளி ரொட்ரீக் தீவு இருக்கிறது, அதற்குத் தன்னாட்சி உண்டு. எல்லாம் சேர்த்து மக்கள் தொகை பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டி. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குக் காரில் போனால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் வானிலையே மாறும். கடலோரம் வெயில் கொளுத்தும்போது நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் கியூர்ப்பிப் ஊரில் மழை தூறிக்கொண்டிருக்கும், ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் வேண்டும். எரிமலையில் பிறந்த தீவு என்பதால் மண் முழுக்கக் கருங்கல். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அந்தக் கற்கள் ஆளுயரத்துக்கும் மேலே அடுக்கிக் குவித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் ஏதோ பழைய கோவில் மிச்சம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். நிலத்தைக் கரும்புக்குத் தோதாக்க, ஒவ்வொரு கல்லாகக் கையால் பொறுக்கி ஓரமாக அடுக்கியவர்களின் வேலை அது. அங்கே போன புதிதில் ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, ஒரு குவியலைக் காட்டி 'எங்கள் தாத்தாக்களின் முதுகு' என்றார். அதன்பிறகு அந்தக் கற்களைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெதுவும் புரியாது. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து தங்கள் இளவரசர் மொரீஸின் பெயரை வைத்தார்கள். கருங்காலி மரங்களை வெட்டித் தள்ளினார்கள், கரும்பைக் கொண்டுவந்தார்கள். அவர்களும் அவர்களோடு வந்த எலி, பன்றி, குரங்குகளும் சேர்ந்து நூறு வருடத்துக்குள் டோடோ பறவையை இல்லாமலே ஆக்கினார்கள். 1710இல் கிளம்பிப் போய்விட்டார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டியெழுப்பப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். கொத்தர்கள், தச்சர்கள், கொல்லர்கள். ஆக, கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் வருவதற்கு நூறு வருடம் முன்பே அங்கே தமிழ்க் கை பட்ட கட்டடங்கள் இருந்தன. 1746இல் இதே லா பூர்தொனேதான் அந்தத் தீவிலிருந்து கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். நம் சரித்திரப் பாடத்தில் வருகிற மனிதர், ஆனால் எங்கிருந்து கிளம்பி வந்தார் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். அப்போது எழுதிக்கொண்ட உடன்படிக்கையில், குடியிருப்பவர்கள் தங்கள் மொழியையும் சட்டத்தையும் மதத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த ஒரு வரிதான் அந்த நாட்டின் அன்றாடத்தை நடத்துகிறது. வண்டி ஆங்கிலேய முறைப்படி இடது பக்கம் போகும். சொத்து, வாரிசுச் சட்டம் பிரெஞ்சு வழி. பள்ளியில் பாடப்புத்தகம் ஆங்கிலம். பெட்டிக்கடையில் தொங்கும் செய்தித்தாள் பிரெஞ்சு. வீட்டிலும் தெருவிலும் பேச்சு கிரியோல், பிரெஞ்சிலிருந்து அந்தத் தீவில் உருவான மொழி. வங்கிக்குப் போனால் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், காசாளர் பிரெஞ்சில் வணக்கம் சொல்வார், நம் கணக்கில் ஏதாவது சிக்கல் என்றால் பின்னால் திரும்பி மேலாளரிடம் கிரியோலில் கேட்பார். யாரும் இதைக் கஷ்டமாக நினைப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் மூன்று மொழிக்கு இடையில் தாவிக்கொண்டே விளையாடுவார்கள். இதற்கு மேல் பள்ளியில் இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு என்று முன்னோர் மொழி ஒன்றையும் எடுத்துப் படிக்கலாம். 2012லிருந்து கிரியோலும் அந்த வரிசையில் இருக்கிறது. அது எனக்குத் தனிப்பட்ட முறையில் சந்தோஷம். எல்லோரும் பேசுகிற மொழியை இத்தனை காலம் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் அடிபட்டவை பெரும்பாலும் ஏழை ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகள்.

1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் ஏறத்தாழ 66,000 பேர். நஷ்டஈடு யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு, இருபது லட்சம் பவுண்டுக்கு மேல். விடுதலையானவர்கள் கையில் ஒன்றுமில்லை, நிலமும் இல்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே, அதற்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் ஏற்பாட்டை ஆங்கிலேயர் முதலில் சோதித்துப் பார்த்தது இந்தத் தீவில்தான். 1834 நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் இறங்கினார்கள். அடுத்த எண்பது வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். கல்கத்தாவிலிருந்து பீகார் மக்கள், பம்பாயிலிருந்து மராத்தியர், சென்னையிலிருந்து தமிழரும் தெலுங்கரும். இங்கே செய்து பார்த்த பிறகுதான் டிரினிடாட், கயானா, நடால், ஃபிஜி என்று எல்லா இடத்துக்கும் அந்த ஏற்பாடு போனது.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் ஏறி வந்த கல்படிகள் இன்னும் இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பெரிய இடமில்லை. பக்கத்தில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும். குளிக்கும் தொட்டி, சமையல் கொட்டகை, மருத்துவ அறையின் மிச்சம், அவ்வளவுதான். மோகா ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில் அவர்களைப் பற்றிய பதிவேடுகள் காப்பகமாக இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உயரம், உடம்பில் தழும்பு. 1860களுக்குப் பிறகு புகைப்படமும் சேர்ந்தது. வெளியே போனால் அந்தப் படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்து உள்ளே போடுவார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டுநாள் கூலி பிடிக்கப்படும். இன்று பல குடும்பங்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதிவை அங்கே தேடி எடுத்து, வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் கூடத்திலும் ஒன்று இருந்தது. சட்டையில்லாத ஒரு இளைஞன், கழுத்தில் துணி, கேமராவை நேராகப் பார்க்கிற கண். ஊர் என்ற இடத்தில் 'செங்கல்பட்டு' என்று எழுதியிருந்ததாகச் சொல்லி, அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார். நான் ஏரியைப் பற்றிச் சொன்னேன். கிரியோலில்தான் சொன்னேன், அவருக்குத் தமிழ் தெரியாது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் உச்சுக்கொட்டுவார்கள். 'பாவம், தமிழே மறந்துபோச்சே.' எனக்கு இந்த அனுதாபத்தின் மேல் கோபம் வரும். வெவ்வேறு மொழிக்காரர்களை தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றாக அடைத்து, எழுதப் படிக்க வழியில்லாமல், விடியுமுன்னே கரும்புக்காட்டுக்கு விரட்டிய காலத்தில், பேச்சு போனதில் என்ன ஆச்சரியம். எதையெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். தைப்பூசத்துக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை. அதற்குப் பத்துநாள் முன்பே கோவில்களில் கொடியேறி, விரதம் தொடங்கிவிடும். அலுவலகத்தில் என்னுடன் வேலைபார்த்த ஒரு பையன், மற்ற நாளெல்லாம் மதியம் கறி இல்லாமல் சாப்பிடாதவன், அந்தப் பத்து நாளும் வீட்டிலிருந்து தனிப் பாத்திரத்தில் சைவச் சாப்பாடு கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். பூசத்தன்று ஆற்றங்கரையில் குளித்து, நாக்கில் வேல் குத்தி, பூவும் தென்னங்குருத்தும் கட்டிய காவடியைத் தோளில் ஏற்றி, வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பார்கள். ஜனவரி, பிப்ரவரி அங்கே உச்சக் கோடை, சாலை தகிக்கும். வழியில் இருக்கிற வீட்டுக்காரர்கள், அவர்கள் எந்த மதமாக இருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டு ரோட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். காவடி எடுப்பவர்களில் தமிழரல்லாதவர்களும் உண்டு. கோர் த கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோவிலுக்குச் செங்குத்தான படிகளில் காவடியோடு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டு தமிழ்ப்பாட்டுதான். கையிலுள்ள தாளில் ரோமன் எழுத்தில் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துப் பாடுவார்கள், உச்சரிப்பில் பிரெஞ்சுச் சாயல் இருக்கும், கண்ணில் நீர் வழியும். கடைசியில் கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறி. பூசணி, பலாக்காய், வாழைக்காய், பருப்பு, ரசம் என்று வரிசையாக வரும், எல்லாச் சாதிக்காரனும் எல்லா மதத்துக்காரனும் ஒரே பந்தி.

ரூபாய் நோட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டு நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் மதிப்பு எழுதியிருக்கும், தமிழ் எண்களும் உண்டு. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தியை முன்னுக்குக் கொண்டுவந்து தமிழைப் பின்னால் தள்ளினார்கள். தமிழர்கள் போராடினார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளி அரசியல் தலைவருடையது. இருபத்தைந்து ரூபாயில் ஒரு சீனர், இருநூறில் ஒரு முஸ்லிம், ஆயிரத்தில் கிரியோல் சமூகத்து, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துத் தலைவர் ஒருவர், இரண்டாயிரத்தில் நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். தமிழ் இருக்கிறது என்று பெருமைப்படுகிற நாம், அதே நோட்டுக்கட்டில் மற்றவர்களுக்கும் எவ்வளவு பார்த்துப் பார்த்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் அங்கே சேர்ந்து வாழ்வது தானாக நடக்கிற காரியமில்லை. உட்கார்ந்து யோசித்து, பேரம் பேசி, எழுதிவைத்துச் செய்கிறார்கள். 1961இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், இந்தத் தீவை ஆராய்ந்து, இதற்கு எதிர்காலம் இருப்பதாகத் தெரியவில்லை என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தார். ஒரே பயிர், கரும்பு. மலேரியா ஒழிந்ததால் மக்கள்தொகை எகிறிக்கொண்டிருந்தது. போதாததற்கு இத்தனை இனம், இத்தனை மதம். அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. 1968 மார்ச் 12ஆம் தேதி, காந்தி தண்டிக்குப் புறப்பட்ட அதே தேதியில், சுதந்திரம் வந்தபோது, அதற்குச் சில வாரம் முன்புதான் போர்ட் லூயிஸில் இனக்கலவரம் நடந்து முடிந்திருந்தது. பயந்து ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் நிறைய.

பிறகு ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தார்கள். 1970இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் கொண்டுவந்தார்கள், துணி ஆலைகள் வந்தன. அதுவரை வீட்டோடு இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள், பிறப்பு விகிதம் மளமளவென்று இறங்கியது. கரும்பில் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி கடலோர விடுதிகளாக மாறியது. 1975இல் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், இரண்டு வருடத்தில் மேல்நிலைக் கல்வி இலவசமானது. மருத்துவமனை இலவசம். 2005லிருந்து மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேருந்து இலவசம். ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் அறுபது வயதானால் ஓய்வூதியம் என்பது நெடுங்கால வழக்கம். 2025 பட்ஜெட்டில் அந்த வயதைப் படிப்படியாக 65 ஆக்கப் போவதாக அறிவித்ததும் நாடே கொதித்தது. எனக்குப் புரிகிறது. அந்த ஓய்வூதியம் ஒரு தொகை மட்டுமில்லை, கலவரமில்லாமல் சேர்ந்து வாழ்வதற்கு அரசும் மக்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து.

தேர்தல் முறை இன்னும் விசித்திரம். 62 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பிறகு, எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்திருக்கிறதோ அந்தச் சமூகத்தில் தோற்றவர்களிலேயே அதிக ஓட்டு வாங்கியவர்களாகப் பார்த்து எட்டு இடம் வரை நிரப்பலாம். இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் வராத மற்றவர்கள் என்று நாலு சமூகம். கணக்குக்கு எடுத்துக்கொள்வது இன்னமும் 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான், அதற்குப் பிறகு சமூகத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இளைஞர்களில் பலருக்கு இந்த முறை பிடிப்பதில்லை. 'நான் வேட்பாளராக நின்றால் என்னை ஏன் ஏதோ ஒரு பெட்டியில் போட வேண்டும்' என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் எண்ணிக்கையில் சிறியவர்கள் பயமில்லாமல் ஓட்டுப்போட அது உதவியது என்று சொல்கிற பெரியவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒரே கூட்டணி முக்கியத் தீவின் 60 இடத்தையும் அள்ளியது, ஆட்சி சத்தமில்லாமல் கைமாறியது. 1982லும் 1995லும் இதேபோல 60க்கு 60 நடந்திருக்கிறது.

எல்லாம் சுமுகம் என்று நான் சொல்லவில்லை. 1999 பிப்ரவரியில் காயா என்ற புகழ்பெற்ற பாடகர் போலீஸ் காவலில் இறந்தார். கிரியோல் சமூகத்தின் பல வருட ஆற்றாமை தெருவுக்கு வந்தது, சில நாட்கள் நாடு எரிந்தது. அடிமைகளின் சந்ததி இன்றும் படிப்பிலும் வேலையிலும் நிலத்திலும் பின்தங்கித்தான் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு, எவ்வளவு கொடுமைக்கு நடுவிலும், பெயரும் ஊரும் பதிவேட்டில் இருந்தது. பிற்பாடு தோட்ட முதலாளிகள் நிலத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, சேமித்து வாங்கினார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள், தேடிப்போக ஊர் இல்லை. தென்மேற்கு முனையில் லெ மோர்ன் என்ற மலை, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த குன்று, 2008இல் அதுவும் உலக மரபுச் சின்னமானது. பிப்ரவரி 1, அடிமைமுறை ஒழிந்த நாள், நவம்பர் 2, கூலிகள் வந்திறங்கிய நாள், இரண்டுமே தேசிய விடுமுறை. இரண்டு துயரத்தையும் ஒரே நாட்காட்டியில் வைத்திருக்கிற நாடுகள் குறைவு.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். அங்கே பொழுது சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊர்க் கடைவீதி அடங்கிவிடும், புதிதாகப் போகிற நமக்கு அது திகைப்பாக இருக்கும். காலையில் ரொட்டிக்கடை வாசலில் கூட்டம். நீளமான பிரெஞ்சு ரொட்டி இல்லை, உருண்டையான ஊர் ரொட்டி, அதன் விலையை அரசே கட்டுப்படுத்துகிறது. அதைப் பிளந்து வெண்ணெய் தடவி, உள்ளே சூடான 'காத்தோ பிமா' வைத்துச் சாப்பிடுவார்கள். பட்டாணிப் பருப்பை அரைத்துப் பச்சை மிளகாய் போட்டுப் பொரித்தது, கடித்துப் பார்த்தால் நம் பருப்பு வடையேதான். கூடவே வனிலா மணக்கும் பால் தேநீர்.

ஆனால் அந்த நாட்டுச் சாப்பாடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் யாராக இருந்தாலும் தால்பூரியைத்தான் காட்டுவார்கள். வேகவைத்து மாவாக உதிர்த்த பருப்பை உள்ளே வைத்துத் துணிமாதிரி மெல்லிசாகத் தேய்த்த ரொட்டி. சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கண்ணாடிப் பெட்டி கட்டி நிற்கிற ஆளிடம் வாங்க வேண்டும். எப்போதும் இரண்டாகத்தான் தருவார், ஒன்று கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார். அவர் கை வேலைசெய்கிற வேகத்தை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே நிற்பேன். இரண்டு ரொட்டியை உள்ளங்கையில் விரித்து, ஒரு கரண்டி மொச்சைக் கறி, ஒரு கரண்டி தக்காளி ருகாய், கொத்தமல்லிச் சட்னி, 'பிமா?' என்று ஒரு பார்வை, நாம் தலையாட்டினால் மிளகாய், சட்டென்று சுருட்டி மெல்லிய தாளில் மடித்து நீட்டிவிடுவார். பீகாரிகள் கொண்டுவந்த பூரி, பிரெஞ்சு வழியில் வந்த தக்காளிக் குழம்பு, நம்மூர்ச் சட்னி. வரிசையில் பள்ளிப் பிள்ளைகளும், வங்கி மேலாளரும், கட்டட வேலைக்காரரும் நிற்பார்கள், வாங்கியதும் எல்லோரும் சட்டையில் குழம்பு சிந்தாமலிருக்க ஒரே மாதிரி முன்னால் குனிந்து சாப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. சுற்றுலா விடுதிகளின் கடற்கரையைச் சொல்லவில்லை, சவுக்கு மரங்கள் நிற்கிற பொதுக் கடற்கரை. சட்டப்படி உயர் அலை வந்து தொடுகிற கோடு வரை எல்லாக் கரையும் பொதுமக்களுக்குச் சொந்தம். விடுதிகள் பெருகப் பெருக உட்கார இடம் குறைகிறது என்ற மனக்குறை எல்லோருக்கும் உண்டு, கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் போதும், கொட்டித் தீர்ப்பார்கள். குடும்பமே வேன் பிடித்து, பெரிய அண்டாவில் பிரியாணியோடு வந்து இறங்கும். சிறுசுகள் எந்த வீட்டுப் பெரியவரையும் 'தோன்தோன்', 'தாந்தின்' என்று மாமா, அத்தை முறையில்தான் கூப்பிடும். மதியத்துக்கு மேல் யாராவது ரவானைத் தீயில் காட்டிச் சூடேற்ற ஆரம்பிப்பார்கள். ஆட்டுத்தோல் கட்டிய வட்டமான பறை அது, சூடேறினால்தான் தோல் இறுகிக் குரல் வரும். செகா தொடங்கிவிடும். பாதத்தை மண்ணைவிட்டு எடுக்காமல் இடுப்பை மட்டும் அசைத்து ஆடுகிற ஆட்டம். அடிமைகள் இரவில் தோட்டத்து முதலாளிக்குத் தெரியாமல் ஆடியது, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று புடவை கட்டிய பாட்டிகளும் அதை ஆடுகிறார்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். வானிலைத் துறை ஒன்று முதல் நாலு வரை எச்சரிக்கை எண் கொடுக்கும். இரண்டு என்றால் பள்ளிக்கு விடுமுறை. மூன்று என்றால் கடை, அலுவலகம், பேருந்து எல்லாம் அடைத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். 1960இல் கரோல் என்ற புயல் வந்து ஓலையும் தகரமும் போட்ட வீடுகளைத் துடைத்துப் போட்டுவிட்டது, அதற்குப் பிறகுதான் நாடே கான்கிரீட்டுக்கு மாறியது. தெருக்களில் பார்க்கிற சதுரமான மொட்டைமாடி வீடுகள் அழகில்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். புயல் இரவு ஒன்றை அந்த வீட்டுக்குள் கழித்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2020 ஜூலையில் வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளத்திட்டில் மோதி, ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. யாரும் கூப்பிடவில்லை, மக்களே கிளம்பினார்கள். கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து, பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு, கிலோமீட்டர் கணக்கில் தடுப்பு செய்தார்கள். எண்ணெயை உறிஞ்சும் என்று கேள்விப்பட்டு, முடிவெட்டிக்கொண்டு தலைமுடி கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வாரம் மஹேபூர் கரையில் யார் எந்தச் சமூகம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

மத விஷயத்திலும் இதேபோல ஒன்று பார்த்தேன். போர்ட் லூயிஸ் ஓரத்தில் சேந்த் குருவா என்ற பகுதியில் லவால் பாதிரியாரின் சமாதி இருக்கிறது. விடுதலையான அடிமைகளோடு வாழ்ந்து 1864 செப்டம்பர் 9ஆம் தேதி இறந்தவர். ஒவ்வொரு வருடமும் 8ஆம் தேதி இரவு தீவு முழுவதிலுமிருந்து ஜனங்கள் நடந்தே வருவார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமில்லை, பொட்டு வைத்த அம்மாக்கள், தொப்பி போட்ட தாத்தாக்கள், எல்லோரும். அதே பகுதியில்தான் கைலாசம் என்று ஊரார் சொல்லும் மீனாட்சி அம்மன் கோவிலும் இருக்கிறது. சமாதிக்கு வந்துவிட்டு அப்படியே கோவிலுக்கும் போகிறவர்களைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவும் வருடாவருடம் நடந்துபோவார். 'நீங்கள் இந்து ஆயிற்றே' என்று கேட்டதற்கு, 'என் பையனுக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொண்டேன்' என்றார், அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது அங்கே ஒரு புதுக் கவலை. பிள்ளைகள் பிறப்பது மிகவும் குறைந்துவிட்டது. படித்தவர்கள் கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் போகிறார்கள். துணி ஆலையிலும் கட்டட வேலையிலும் ரொட்டிக்கடையிலும் வங்கதேசம், நேபாளம், மடகாஸ்கர், இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு விடுதியில் ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில்கள், சன்னல் கம்பியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, பாஸ்போர்ட் முதலாளியிடம் இருப்பதாக ஒரு தம்பி சொன்னான், தமிழ்நாட்டுப் பையன்தான், கம்பி கட்டும் வேலை. முன்னோரின் பதிவேட்டைக் கூடத்தில் மாட்டியிருக்கிற மக்கள் இதைக் கண்டும் காணாமல் போகக்கூடாது என்று அங்கே உள்ள நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், சில பேர் கோபித்துக்கொண்டார்கள், சில பேர் தொழிற்சங்கம் வழியாக ஏற்கெனவே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் 1834லும் நினைத்தார்கள். இவர்களுக்கும் நல்ல அறை, கையில் பாஸ்போர்ட், விரும்பினால் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாம் வேண்டும். இப்படி வந்தவர்களின் பேரன் பேத்திகள் கையில் இருக்கிற நாடு, இதை மற்ற யாரையும்விட முதலில் செய்யலாம்.